நானோவிஎன்ஏ: ஒரு வருடமாக ஏமாந்ததைக் காட்டிக்கொடுத்த டப்பா

எஸ்.டபிள்யூ.ஆர். (அனுப்பும் அலையில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைச் சொல்லும் எண், 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) 1.3 என்று மீட்டரில் முள் நின்றால் எந்த ஹாமுக்கும், அதாவது அமெச்சூர் ரேடியோக்காரருக்கும், நிம்மதிதான். எனக்கும் அந்த நிம்மதி ஏறக்குறைய ஒரு வருடம் இருந்தது. ஆனால் ரிப்பீட்டரை (நம் சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையத்தை) திறக்கவே திணறல், எதிரில் பேசுபவர்கள் "இரைச்சல்ல முங்கிப் போகுதுங்க" என்பார்கள். ஆன்டெனாவைச் சந்தேகித்து இரண்டு முறை மாடி ஏறி இறங்கினேன், கேபிளைச் சந்தேகிக்கத் தோன்றவே இல்லை. அப்புறம்தான் ஆன்டெனாவையும் கேபிளையும் அளந்து பார்க்கும் இந்த நானோவிஎன்ஏவை வாங்கினேன்.

உள்ளங்கையில் அடங்குகிற டப்பா. 2.8 அங்குலத் தொடுதிரை, இரண்டு எஸ்எம்ஏ சாக்கெட் (சின்னத் திருகு கனெக்டர்), 50 கிலோஹெர்ட்ஸ் முதல் 900 மெகாஹெர்ட்ஸ் வரை அளக்கும்.

முதல் வேலையாக ஆன்டெனா பக்கம் கனெக்டரைக் கழற்றி அந்த முனையைத் திறந்தபடி விட்டுவிட்டு, கீழே ரேடியோ முனையில் இதை மாட்டினேன். மேலே ஏற்றுக்கொள்ள எதுவும் இல்லாததால் போன அலை அப்படியே திரும்ப வேண்டும், போகிறதும் வருகிறதும் கலந்து கேபிளில் நிலை அலையாக நிற்கும், கணக்குப்படி எஸ்.டபிள்யூ.ஆர். முடிவிலி. நடைமுறையில் கேபிளும் கொஞ்சம் தின்னும் என்பதால், 20 மீட்டர் ஆர்ஜி-213 கேபிளுக்கு 145 மெகாஹெர்ட்ஸில் 5-ஐ ஒட்டி வந்தால் சரி. எனக்கு வந்தது 2. சுமையே இல்லாத கேபிளுக்கு 2! திரும்பி வரவேண்டிய அலையில் பெரும்பகுதியைக் கேபிளே போகவர வழியில் தின்றிருக்கிறது. அப்படியென்றால் நான் தருகிற பவரில் மூன்றில் ஒரு பங்குதான் மேலே போய்ச் சேருகிறது, மிச்சமெல்லாம் கேபிளைச் சூடாக்கத்தான். மேல் கனெக்டரை அறுத்துப் பார்த்தால் கேபிளின் வெளிக்கம்பிப் பின்னல் பச்சை பூத்துக் கருத்திருந்தது, தண்ணீர் இறங்கி எத்தனை மாதமோ. ஆன்டெனாவில் பட்டுத் திரும்புகிற அலையையும் இதே கேபிள் வழியிலேயே தின்றுவிட்டால் கீழே இருக்கும் மீட்டர் பாவம் என்ன செய்யும், அதற்கு எட்டுவது அவ்வளவுதான்.

இன்னொன்று, ரேடியோ எதிர்பார்ப்பது 50 ஓம்; பழைய மீட்டர் 2 என்று காட்டினால் ஆன்டெனா 25 ஓமா 100 ஓமா என்று தெரியாது. இதில் ஸ்மித் சார்ட்டை (மின்மறுப்பை ஒரு வட்டத்துக்குள் புள்ளியாகக் காட்டும் வரைபடத்தை) பார்த்தாலே தெரிந்துவிடும். 100 ஓம் என்றால் 75 ஓம் கேபிளில் கால் அலை நீளத் துண்டு ஒன்றை இடையில் சேர்த்தால் போதும், 50-க்குப் பக்கத்தில், 56 ஓமாகத் தெரியும். சாதாரண பாலிஎத்திலீன் கேபிளில் அலையின் வேகம் 66 சதவீதம்தான், ஆக 145 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை நீளம் 34 சென்டிமீட்டர். அந்தத் துண்டை வெட்டவும் இதுவே உதவும்: கொஞ்சம் நீளமாக எடுத்து, முனையைத் திறந்தபடி வைத்துத் துளித்துளியாக நறுக்கிக்கொண்டே வந்தால் சார்ட்டில் புள்ளி நகர்ந்து இடது ஓரத்துக்கு, அதாவது ஷார்ட்டுக்கு வந்து நிற்கும். அங்கே நிறுத்திவிடலாம். இதைப் பார்த்துக்கொண்டிருப்பதே ஒரு சுகம்.

சரி, குறைகள். அலைவரிசை எல்லையை மாற்றினால் ஓபன், ஷார்ட், 50 ஓம் லோட் என்ற மூன்று அளவுத் துண்டுகளை மாட்டி மறுபடி கேலிபரேஷன் செய்வதுதான் முறை, சோம்பல் பட்டால் எண்களை நம்ப முடியாது. என் பெட்டியில் வந்த 50 ஓம் லோட் மல்டிமீட்டரில் 54 காட்டியது, விற்றவரிடம் கேட்டுப் பயனில்லை, வேறு வாங்கிக்கொண்டேன். ஒரு ஸ்வீப்பில் 101 புள்ளிகள்தான், முழு எல்லையையும் ஒரேயடியாக ஓட்டினால் புள்ளிக்குப் புள்ளி 9 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி விழும், 7 மெகாஹெர்ட்ஸ் டைபோல் ஆன்டெனாவின் எஸ்.டபிள்யூ.ஆர். இறங்கும் பள்ளம் அதற்குள் காணாமல் போய்விடும். 300 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் ஹார்மோனிக்கை (அடிப்படை அலைவரிசையின் மடங்கை) வைத்து ஓட்டுவதால் துல்லியம் குறைகிறது. வெயிலில் திரை தெரியாது, மாடியில் தலைக்கு மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு பார்க்கிறேன்.

வாங்குகிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். ஆன்டெனா கேபிளை இதில் மாட்டுவதற்கு முன் நடுக்கம்பியைப் பின்னலோடு ஒரு நொடி தொட வையுங்கள், இல்லாவிட்டால் தேங்கியிருக்கும் நிலைமின்சாரம் ஒரு பொறியில் இதன் முன்பகுதியைக் காலி செய்துவிடும்.