முதுகு ஆபரேஷனுக்குப் பிறகும் போகாத கால்வலி: மூன்று வருஷத்தில் எது உதவியது, எது இல்லை

நீடாமங்கலம் பக்கம் உரக்கடை வைத்திருக்கிறேன். இருபது வருஷம் யூரியா மூட்டை தூக்கியதில் அடிமுதுகில் எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் எல்5-எஸ்1 ஜவ்வு பிதுங்கி, 2022 பிப்ரவரியில் ஆபரேஷன். ஊரில் சம்பா அறுவடை, நான் கட்டிலில். முதுகுவலி பத்தே நாளில் விட்டது. இடது கால் விடவில்லை. பின்தொடையில் தொடங்கி, கெண்டைக்கால் வழியாகச் சுண்டுவிரல் வரை எரிச்சல். சித்திரை வெயிலில் நெல் காயும் களத்தில் வெறுங்காலோடு நிற்கிற மாதிரி, அதுவும் ராத்திரி பதினொரு மணிக்கு. இப்படியும் மிச்சம் இருக்கலாம் என்று ஆபரேஷனுக்கு முன்னால் ஒருத்தரும் சொல்லவில்லை. அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

ஆறு மாதம் கழித்து, கையில் மருந்து ஏற்றி எம்ஆர்ஐ எடுத்தார்கள். ஜவ்வு மறுபடி பிதுங்கவில்லை, நரம்பைச் சுற்றித் தழும்பு கட்டியிருக்கிறது என்றார்கள். (அந்த மருந்து ஏற்றாமல் எடுத்தால் தழும்பு எது, ஜவ்வு எது என்று பிரிப்பது சிரமமாம்.)

முதலில் ப்ரீகாபலின் என்ற நரம்புவலி மாத்திரை, ராத்திரி 75 மில்லிகிராம். பிறகு காலையும் சேர்ந்தது. தூக்கம் வந்தது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் எட்டு மாதத்தில் ஆறு கிலோ ஏறி, கணுக்கால் வீங்கி, கடையில் பில் போடும்போது கணக்கு தப்பியது. கும்பகோணத்துக் கல்யாணத்துக்கு மாத்திரையை மறந்து போய்விட்டேன். இரண்டு நாள் தூக்கமில்லை, வியர்வை, குமட்டல். திடீரென்று நிறுத்தக்கூடாத மாத்திரை என்பது அப்போதுதான் உறைத்தது. டாக்டரிடம் கேட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைத்தேன். சயாட்டிகா, அதாவது முதுகு நரம்பு நசுங்கிக் காலுக்கு இறங்கும் வலிக்கு, இதே மருந்தை வைத்து ஆஸ்திரேலியாவில் செய்த ஒரு சோதனை 2017-இல் வெளியானது. மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட, மருந்து சாப்பிட்டவர்களுக்கு வலி பெரிதாகக் குறையவில்லை. என்னுடையது ஆபரேஷனுக்குப் பிந்தைய வலி, கணக்கு வேறாக இருக்கலாம். ஆனாலும் படித்தபோது சிரிப்பு வந்தது.

நரம்பு வேருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டீராய்டு ஊசி. ஐந்து வாரம் நிம்மதி, அவ்வளவுதான்.

டென்ஸ் மெஷின் 1,800 ரூபாய். ஒட்டுப் பட்டை வழியாக மெல்லிய மின்சாரம் சுரீர் சுரீரென்று ஓடும். ஓடுகிறவரை எரிச்சல் அடங்கும், அணைத்து ஒரு மணி நேரத்தில் திரும்பும். நம்மூர்ப் புழுக்கத்தில் பட்டை இரண்டே வாரத்தில் பசை போய்விடுகிறது. பிளாஸ்டிக் தாளில் திருப்பி ஒட்டி ஃபிரிட்ஜில் மோருக்குப் பக்கத்தில் வைப்பேன். "இதையும் தாளிக்கணுமா?" என்பாள் வீட்டுக்காரி. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

உருப்படியாக உதவியது பிசியோ சொல்லிக்கொடுத்த நரம்புப் பயிற்சி. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, காலை நீட்டும்போது தலையை நிமிர்த்தணும், மடக்கும்போது குனியணும். காலையில் பத்து, மாலையில் பத்து. வலி ஏறுகிற அளவுக்கு இழுக்கக்கூடாது. அதோடு நடை. முதலில் தெருமுனை வரை. ஒரு வருஷத்தில் மூணாறு தலைப்பு வரை போய்த் திரும்பினேன். ஜூனில் மேட்டூர்த் தண்ணீர் வந்து வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிகிற இடத்தில் நின்றால் காலை மறந்துவிடும். நடக்காத நாளில் ராத்திரி எரிச்சல் கண்டிப்பாக வரும். மூன்று மழைக்காலத்திலும் பார்த்துவிட்டேன்.

பாதம் தொங்கினாலோ, சிறுநீர் போவது தடைப்பட்டாலோ இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரி.

இப்போது மாத்திரை இல்லை. பத்துக்கு எட்டாக இருந்த வலி மூன்றில் நிற்கிறது. மூட்டையைப் பையன் தூக்குகிறான். சுண்டுவிரல் மட்டும் இன்னும் மரத்துத்தான் கிடக்கிறது. போன வாரம் ஆற்றங்கரையில் நெருஞ்சி முள் ஏறியதே தெரியாமல் வீடு வந்தேன். திண்ணையில் ரத்தப் பொட்டைப் பார்த்து வீட்டுக்காரிதான் சொன்னாள்.