விசுவாசமும் கிரியையும்: மஞ்சக்குப்பத்து வேதபாட வகுப்பு, ஒரு மதிப்புரை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் மாடி மண்டபத்தில் சனிக்கிழமை மாலைதோறும் நடைபெறும் வேதபாட வகுப்பைப் பற்றிப் புதுச்சேரி நண்பர்கள் பலர் விசாரித்துக்கொண்டே இருப்பதால், ஒரு சுற்று முழுவதும் உட்கார்ந்து கேட்டவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். இந்த வகுப்பு எந்தத் தனிச் சபைக்கும் உரியதன்று. கத்தோலிக்கர், லுத்தரன் சபையார், சி.எஸ்.ஐ. என்னும் தென்னிந்தியத் திருச்சபையார், பெந்தெகொஸ்தே விசுவாசிகள் என நான்கு திசையிலிருந்தும் வந்த சிலர் கூடி நடத்துகிறார்கள். விசுவாசத்தினால் இரட்சிப்பா, கிரியைகளுக்கும், அதாவது நற்செயல்களுக்கும், அதில் இடம் உண்டா என்ற பழைய வழக்கைத் தெளிவாகக் கற்றுத் தருவதாகவும், அதன் வழியாக உண்மையான ஐக்கியத்தைக் கண்டடையச் செய்வதாகவும் அழைப்பிதழ் இரண்டு வாக்குகளைக் கொடுக்கிறது. முதல் வாக்கு, பாடத்தாள்களுக்காக வாங்கும் 200 ரூபாய்க்குப் பல மடங்கு மேலாகவே நிறைவேறுகிறது. இரண்டாவது பாதிதான் நிறைவேறுகிறது. அந்தப் பாதியும் அதற்கென்று அவர்கள் ஒதுக்கி வைத்திருக்கும் நேரத்தில் கிடைப்பதில்லை.

வகுப்பின் உயிர்நாடி அதில் கடைப்பிடிக்கப்படும் ஒரே ஒரு விதி. எதிர்த்தரப்பை மறுத்துப் பேச விரும்புகிறவர், முதலில் அந்தத் தரப்பின் கொள்கையைத் தம் வாயால் எடுத்துச் சொல்லி, அந்தத் தரப்பைச் சேர்ந்த ஒருவர் "ஆம், நாங்கள் சொல்வது இதுதான்" என்று ஒப்புக்கொண்ட பிறகே மறுப்பைத் தொடங்க வேண்டும். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்த விதி எத்தனை பேருடைய வாயை அடைத்தது என்பதை நேரில் பார்க்க வேண்டும். பெந்தெகொஸ்தே சபை மூப்பர் ஒருவர், ஓய்வு பெற்ற கத்தோலிக்க ஆசிரியை ஒருவரை நோக்கி, "நல்ல காரியம் செய்து பரலோகத்தைச் சம்பாதிக்கலாம் என்பதுதானே சகோதரி, உங்கள் போதனை?" என்று தொடங்கினார். அந்த அம்மையார் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டி, "இல்லீங்க ஐயா, வேற மாதிரி சொல்லிப் பாருங்க" என்றார். மூப்பர் பாடத்தாளைப் புரட்டினார். "சரி, பாதி தேவன் செய்கிறார், பாதி நாம் செய்கிறோம்" என்றார். அதுவும் இல்லை என்றார் அந்த அம்மையார். கடைசியில், முதலில் வருவது தேவ கிருபையே, அந்தக் கிருபை தொட்டு எழுப்பிய மனிதன் அதனோடு ஒத்துழைக்கிறான், அந்த ஒத்துழைப்பும் கிருபையின் பலனே என்று அவர் திக்கித் திணறிச் சொல்லி முடித்தபோது, "இப்ப சரி" என்று பதில் வந்தது. மூப்பர் தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இதை மறுப்பதற்கு எனக்கு இன்னும் ஒரு வாரம் வேண்டும்" என்றார்.

மறு வாரம் ஆசிரியையின் முறை. விசுவாசம் மட்டும் போதும் என்றால் மனம்போன போக்கில் வாழலாம் என்றுதானே பொருள் என்று தொடங்கி, அவரும் அதே போல் திருப்பி அனுப்பப்பட்டார். இங்கே பாடம் நடத்திய லுத்தரன் போதகர் செய்த காரியம் பாராட்டத்தக்கது. புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லுத்தர் 1522-இல் தம் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்புக்கு எழுதிய முன்னுரையில் கிரியையை வலியுறுத்தும் யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் என்று தாழ்த்தியதை அவர் மறைக்கவில்லை. அதே வெளியீட்டில் ரோமர் நிருபத்துக்கு எழுதிய முன்னுரையில், விசுவாசம் உயிருள்ளது, ஓயாமல் செயல்படுவது, நன்மை செய்யாமல் அதனால் இருக்கவே முடியாது என்று அதே லுத்தர் எழுதியிருப்பதையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அதற்கு இணையாகக் கத்தோலிக்கத் தரப்பில், 1547 ஜனவரி 13 அன்று கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரிதெந்து பொதுச்சங்கம் வெளியிட்ட ஆணையின் முதல் விதியே, கிருபையின்றித் தன் சொந்தச் செயல்களால் மனிதன் கடவுள் முன் நீதிமானாக முடியும் என்று சொல்பவரைக் கண்டிக்கிறது என்பதை எடுத்துக் காட்டினார்கள். புதுச்சேரியில் பங்குக் கோவிலிலேயே வளர்ந்த எனக்கு, திருப்பலிக்கும் அண்டை வீட்டார் கூடும் அன்பியக் கூட்டத்துக்கும் தவறாமல் போயும், இந்த விதியை ஒருவரும் வாசித்துக் காட்டியதில்லை.

எல்லா வகுப்புகளிலும் சிறந்தது ஆபிரகாமைப் பற்றியது. இந்தச் சுற்றில் ஒரே ஒரு மாலைதான் வர முடியும் என்றால் அந்த மாலையைத் தேர்ந்துகொள்ளுங்கள். புதிய ஏற்பாட்டு நிருபங்களில் பவுலும் யாக்கோபும் ஒரே வசனத்தை, அதாவது ஆபிரகாம் விசுவாசித்தான், அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது என்ற ஆதியாகமம் 15-ஆம் அதிகாரத்து வசனத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, எதிரெதிர் முடிவுகளுக்குப் போவது போலத் தோன்றுகிறது. ரோமர் 4-இல் பவுல், இது ஆபிரகாம் விருத்தசேதனம் பெறுவதற்கு முன்பே நடந்தது என்று காலக்கிரமத்தைச் சுட்டி, யூதரல்லாத புறஜாதியாரும் அதே வாசலில் உள்ளே வரலாம் என்று வாதாடுகிறார். யாக்கோபோ அங்கிருந்து 22-ஆம் அதிகாரத்துக்குத் தாவி, ஈசாக்கைப் பலிபீடத்தின்மேல் வைத்தபோது அந்த விசுவாசம் கிரியைகளினாலே பூரணப்பட்டது என்கிறார். ஒருவர் உள்ளே வரும் வழியைப் பேசுகிறார், மற்றவர் உள்ளே வந்ததாகச் சொல்லிக்கொள்பவரின் நடப்பைப் பேசுகிறார் என்று பாடம் நடத்தியவர் சொன்ன விளக்கம் புதியதன்று. ஆனால் ஒவ்வொருவரையும் வேதாகமத்தைத் திறக்கச் செய்து, இரண்டு அதிகாரங்களுக்கும் இடையில் ஆபிரகாமின் வாழ்வில் எத்தனை ஆண்டுகள் ஓடின, என்னென்ன தடுமாற்றங்கள் நடந்தன என்று வரிசையாகச் சொல்லவைத்த முறை புதியது. ஆகாரின் கதை அந்த இடைவெளியில்தான் வருகிறது என்பதை ஒரு கல்லூரி மாணவி கவனித்துச் சொன்னபோது, விவாதம் முக்கால் மணி நேரம் நீண்டது.

வரலாற்று வகுப்பு மட்டும் ஏமாற்றம் அளித்தது. லுத்தரின் ஊரான விட்டன்பர்க்கிலும் திரிதெந்துவிலும் நெடுநேரம் செலவழித்துவிட்டு, கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததைச் சில நிமிடங்களில் முடித்துவிட்டார்கள். 1706 முதல் தரங்கம்பாடிக்கு வந்த லுத்தரன் குருமார்களோடு வீரமாமுனிவர் தமிழ் உரைநடையிலேயே மறுப்பு நூல்கள் எழுதி வாதிட்டிருக்கிறார். இந்த வழக்கு தமிழில் முந்நூறு ஆண்டுப் பழமை உடையது. கடலூருக்கே தரங்கம்பாடியிலிருந்து கிளை விரிந்து 1737-இல் புராட்டஸ்டண்ட் மிஷன் தொடங்கியது. 1740-இல் இங்கே வந்த சுவீடன் நாட்டு மிஷனரி கீர்னாண்டர், பிரெஞ்சுக்காரர்கள் ஊரைப் பிடித்த 1758-இல் கல்கத்தாவுக்குப் போனார். பாண்டிச்சேரிக் கத்தோலிக்கமும் கடலூர் லுத்தரன் மரபும் பீரங்கிச் சத்தத்துக்கு நடுவில் அக்கம்பக்கமாக வளர்ந்த கதை இவ்வளவு அருகில் இருக்க, அதைத் தொட்டும் தொடாமலும் விட்டது என்ன நியாயமோ! 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லுத்தரன் கூட்டமைப்பும் நீதிமானாக்கப்படுதல் பற்றிக் கூட்டு அறிக்கையில் கையொப்பமிட்டதையும், 2006-இல் மெதடிஸ்டுகளும் 2017-இல் சீர்திருத்த சபைகளும் அதில் சேர்ந்துகொண்டதையும் நன்றாகவே விளக்கினார்கள். நம் தகுதியினால் அன்று, கிருபையினால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்பில் வைக்கும் விசுவாசத்தில் ஏற்றுக்கொள்ளப்படுகிறோம் என்றும், அப்படி ஏற்றுக்கொள்ளும் ஆவியானவரே நற்செயல்களுக்கு நம்மை அழைக்கிறார் என்றும் அந்த அறிக்கை கூறுகிறது. கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபை அந்தக் கூட்டமைப்பைச் சேர்ந்தது என்பதால், இது எங்கோ ஜெர்மனியில் நடந்த செய்தி அன்று என்பதும் புரிந்தது.

யாக்கோபு 2:15, 16 பற்றிய வகுப்பில், ஆகாரமில்லாத சகோதரனிடம் "குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று வாயால் சொல்லி அனுப்பினால் பிரயோஜனம் என்ன என்ற கேள்வியை வாசித்தவுடன், பேச்சு தானாகவே 2024 டிசம்பர் வெள்ளத்துக்குப் போயிற்று. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகு, சாத்தனூர் அணை நீர் தென்பெண்ணையில் பெருகி வந்தபோது கரையோரத் தெருக்களில் சோற்றுப் பொட்டலம் கொடுத்தவர்களும் வாங்கியவர்களும் அந்த மண்டபத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் இருந்தார்கள். பொட்டலத்தோடு நற்செய்திக் கைப்பிரதியும் சேர்த்துக் கொடுத்தது சரியா என்று வாங்கியவர்களில் ஒருவர் கேட்டார். சோறு வந்தது, நன்றி. ஆனால் பசியோடு இருப்பவன் கையில் பிரதியைத் திணித்தால், அவன் சோற்றுக்காகத் தலையாட்டுகிறானா, வசனத்துக்காகத் தலையாட்டுகிறானா என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்பது அவர் கேள்வி. நற்செய்தி சொல்லாமல் சோறு மட்டும் போடுவது அரைகுறைக் கிரியை என்று சிலர் வாதிட்டார்கள். மண்டபம் சூடாகியும், விதியை யாரும் மீறவில்லை. நான் கேள்வி கேட்டவர் பக்கம்தான்.

இனி இரண்டாவது வாக்கைப் பற்றி. பாடம் முடிந்ததும் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு "ஐக்கிய நேரம்" என்று ஒரு மணி நேரம் நடத்துகிறார்கள். ஒவ்வொருவரும் சாட்சி சொல்ல வேண்டும், பக்கத்தில் இருப்பவருக்காக வாய்விட்டு ஜெபிக்க வேண்டும். பெந்தெகொஸ்தே நண்பர்களுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. செபமாலையோடும் அச்சிட்ட மன்றாட்டுகளோடும் பழகிய கத்தோலிக்கர் நெளிகிறார்கள். அந்த நெளிவை விசுவாசக் குறைவு என்று எண்ணும் முகங்களையும் பார்த்தேன். வாதத்தின்போது ஒருவர் சொல்வதை மற்றவர் தம் வாயால் திருப்பிச் சொல்லப் பட்ட பாட்டில் இருந்த நெருக்கம் இந்த வட்டத்தில் இல்லை. ஆனால் ஒன்றைக் குறிப்பிட வேண்டும்: சுற்றின் நிறைவில் சேர்ந்து நற்கருணை வாங்கலாமே என்று ஓர் இளைஞர் யோசனை சொன்னபோது, ஒருங்கிணைப்பாளர்கள் மழுப்பாமல், அந்தப் பந்தியில் நாம் இன்னும் ஒன்றாக உட்கார முடியாது, ஆக்ஸ்பர்க் அறிக்கையும் அந்தத் தடையை நீக்கவில்லை என்று நேராகச் சொன்னார்கள். ஒன்றாகிவிட்டோம் என்று கைதட்டிக் கலைவதைவிட இந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

மன்னிக்க முடியாத குறை வேறு. பதிவேட்டில் எழுதிக் கொடுத்த கைபேசி எண்களை எடுத்து, பங்கேற்ற சபைகளில் ஒன்று, ஞாயிறு ஆராதனைக்கு வரும்படி எங்களில் பலரை அழைக்கத் தொடங்கியது. நம் வட்டாரத்தில் ஆடு திருடுதல் என்று இதற்குப் பெயர். ஒருங்கிணைப்பாளர்களிடம் முறையிட்டபோது வருத்தம் தெரிவித்தார்கள், ஆனால் பதிவேடு இன்னமும் வாசல் மேசையில் திறந்தபடியே கிடக்கிறது. அடுத்த சுற்றுக்குச் சேர்பவர்கள் பெயரை மட்டும் எழுதினால் போதும். எண்ணைக் கொடுத்தே தீர வேண்டும் என்று யாரும் வற்புறுத்துவதில்லை.

மற்றவை சுருக்கமாக. ஆறு மணி என்றால் ஆறரைக்குத்தான் தொடங்குகிறது. மாடிக்குப் படிக்கட்டு மட்டுமே உண்டு, முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்குச் சிரமம். மின்விசிறிச் சத்தத்தில் பின்வரிசைக்குப் பாதிப் பேச்சு கேட்பதில்லை. பாடத்தாள்களில் எழுத்துப்பிழைகள் இருந்தாலும் வசன எண்கள் சரியாக உள்ளன. இடைவேளையில் தேநீரும் சுண்டலும் உண்டு, சுண்டல் நன்று. புதுச்சேரியிலிருந்து வருகிறவர்கள் திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்தில் இறங்கி ஷேர் ஆட்டோவில் வந்துவிடலாம். திரும்புவதற்கு நேரம் ஆகுமென்று நினைப்பவர்கள் பாடம் முடிந்தவுடன் எழுந்து போகலாம், வட்டத்தில் உட்காராததை யாரும் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. தம் சபையே சரி என்று நிரூபித்துக்கொள்ள வருகிறவர்களுக்கு இந்த வகுப்பு சலிப்பூட்டும். மற்றவர் தரப்பைத் தம் வாயால் சொல்லிப் பார்க்கத் துணிபவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அடுத்த சுற்று ஈஸ்டருக்குப் பிறகு தொடங்குகிறது.