செட்டிநாட்டுக் கோடையில் விட்டில் பார்க்க எது நல்லது: சுவரா, வேட்டியா, வாழைப்பழமா?

சித்திரை பிறந்தால் விட்டில் இருக்காது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். கண்மாய்க்குள் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது, சீமைக்கருவேலத்தை விட்டால் பச்சையே கண்ணில் படுவதில்லை, இதில் எந்தப் பூச்சி பறக்கப்போகிறது என்று நானும் நம்பியிருந்தேன். கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் மூன்று கோடை விளக்கு வைத்துப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. எண்ணிக்கை குறைவது உண்மைதான். ஆனால் எதை வைத்து அழைக்கிறோமோ, அதற்கென்று ஒரு கூட்டம் இருக்கிறது. டியூப்லைட்டுக்கு வராதது யுவி (புற ஊதா) விளக்குக்கு வருகிறது. எந்த விளக்கையும் மதிக்காத ஒன்று அழுகிய வாழைப்பழத்துக்கு வந்து உட்காருகிறது.

புத்தகத்தில் அந்துப்பூச்சி என்று எழுதுகிறார்கள். ஊரில் விளக்குக்கு வருவதெல்லாம் விட்டில். இந்தியாவில் பட்டாம்பூச்சி வகைகள் ஏறத்தாழ 1,300 என்றால், அந்துப்பூச்சி வகைகள் 10,000-க்கும் மேல். பட்டாம்பூச்சியைப் படமெடுக்க ஊருக்கு ஊர் ஆள் இருக்கிறார்கள். நீலகிரி, மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் அந்துகளையும் தேடிப் போகிறார்கள். நம் வறண்ட சமவெளியைத்தான் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அதனால்தான் எந்த முறை இங்கே நமக்குச் சரிப்படும் என்று ஒன்றோடு ஒன்றை வைத்துப் பார்க்க நினைத்தேன்.

முதலில் சுவர். செலவே இல்லாத வழி இதுதான். செட்டிநாட்டு வீடுகளில் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் கலந்து பூசிய வெள்ளைச் சுவருக்குப் பஞ்சமில்லை. வளவு வாசலில் ஒரு டியூப்லைட்டைப் போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து பார்த்தால் சுவரில் ஐந்தாறு உட்கார்ந்திருக்கும். ஆனால் இரண்டு சிக்கல். ஒன்று, பல்லி. நாம் தூங்குகிற நேரத்தில் அது தூங்குவதில்லை; காலையில் தரையில் வெறும் இறக்கைகளைத்தான் பொறுக்க வேண்டியிருக்கும். இன்னொன்று, அந்தப் பூச்சின் பளபளப்பு. ஃபிளாஷ் போட்டால் சுவர் கண்ணாடி மாதிரி வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிறது. பூச்சியின் இறக்கைக் கோடுகள் படத்தில் கரைந்துபோகின்றன. டியூப்லைட்டை எடுத்துவிட்டு மஞ்சள் எல்இடி போட்டவர்கள் வீட்டில் விட்டில் இன்னும் குறைவு. இரவுப் பூச்சிகளின் கண்ணுக்குப் புற ஊதா, நீலம், பச்சை நன்றாகத் தெரியும். மஞ்சள் எல்இடியில் புற ஊதா இல்லவே இல்லை, நீலமும் குறைவு.

அடுத்தது மெர்குரி விளக்கு. பூச்சி பார்க்கிறவர்கள் பல காலமாகப் பெருமையாகச் சொல்லும் முறை. கொல்லையில் கயிறு கட்டி வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டு, முன்னால் 160 வாட் மெர்குரி பல்பை எரியவிடுவது. கூட்டம் என்றால் கூட்டம், அதில் சந்தேகமே இல்லை. ஹாக்மாத் என்ற பருத்த உடல் கொண்ட அந்து வகைகள் வேகமாக வந்து வேட்டியில் மோதும் சத்தமே ஒரு சந்தோஷம். முதல் கோடையில் நான் இதைத்தான் வைத்தேன். எங்கள் அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து, "வேட்டியக் கட்டி வெளக்கப் போட்டு யாரடா கூப்புடுற?" என்று கேட்டுவிட்டு, பிறகு தானும் வந்து ஒவ்வொன்றாக விரல் நீட்டிக் காட்டினார்.

ஆனால் நம் ஊர்க் கோடைக்கு அது ஒத்துவரவில்லை. கத்திரி வெயில் நாட்களில் இரவு கரண்ட் போய்ப் போய் வரும். மெர்குரி விளக்கு ஒரு தடவை அணைந்தால் உடனே பற்றாது. சூடு ஆறிய பிறகுதான் மறுபடி எரியும். அந்தச் சில நிமிடங்களில் வேட்டியில் இருந்தவை கலைந்து போய்விடும். அருகில் நின்றால் முகம் சுடுகிறது, வெளிச்சம் கண்ணை உறுத்துகிறது. கண்மாய்க் கரைக்கு எடுத்துப்போக ஜெனரேட்டர் வேண்டும். இதற்கெல்லாம் மேலே ஒன்று: பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா ஒப்பந்தப்படி, பொது வெளிச்சத்துக்கான மெர்குரி விளக்குகளைத் தயாரிப்பதும் ஏற்றுமதி இறக்குமதி செய்வதும் 2020-உடன் நிறுத்தப்பட வேண்டியவை. இன்று வாங்குகிற பல்பு உடைந்தால் அடுத்தது கிடைக்கும் என்று நம்பித் தொடங்க முடியாது.

அதற்குப் பதிலாக யுவி எல்இடி. மெர்குரி விளக்கின் ஒளியில் 365 நானோமீட்டர் அலைநீளத்தில், அதாவது புற ஊதாவில், ஒரு வலுவான கோடு உண்டு. யுவி எல்இடி அந்த இடத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, மற்ற வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் மின்சாரத்தை வீணாக்காமல் விடுகிறது. பத்து வாட் போதும். பவர் பேங்கில் ஓடும். கரண்ட் போனாலும் கவலை இல்லை. ஊருணிக் கரை, முந்திரித் தோப்பு, எங்கு வேண்டுமானாலும் பையில் போட்டுக்கொண்டு போகலாம். மெர்குரிக்கு வந்த கூட்டத்தோடு ஒப்பிட்டால் எனக்கு ஏறக்குறைய பாதிதான் வந்தது. ஆனால் வந்தவை வேட்டியில் அமைதியாக உட்கார்ந்தன, நிதானமாகப் படம் எடுக்க முடிந்தது. மெர்குரியில் பாதிப் பூச்சிகள் சுற்றிச் சுற்றிக் களைத்து, இறக்கைச் செதில் உதிர்ந்துபோன பிறகே உட்காரும்.

ஏன் சுற்றுகின்றன என்பதற்கு 2024 ஜனவரியில் வெளியான ஓர் ஆய்வு நல்ல விளக்கம் தந்தது. பூச்சி வெளிச்சத்தை நோக்கிப் போகவில்லை. தன் முதுகை வெளிச்சத்தின் பக்கம் திருப்பிக்கொள்கிறது. காலங்காலமாக வானம்தான் வெளிச்சம், முதுகு வானத்தைப் பார்த்திருந்தால் நேராகப் பறக்கலாம். பக்கவாட்டில் ஒரு பல்பு எரிந்தால் அதற்கு முதுகைக் காட்டிச் சாய்ந்து, வட்டத்தில் மாட்டிக்கொள்கிறது. வெளிச்சம் கீழிருந்து வந்தால் தலைகீழாகப் புரண்டு விழுகிறது. இதைப் படித்த பிறகு விளக்கைத் தரையில் வைப்பதை விட்டுவிட்டேன். ஆள் உயரத்தில், வேட்டியை ஒட்டித் தொங்கவிடுகிறேன். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் எரியவிடுவதில்லை. ஒரு உயிரைப் பார்க்க ஆசைப்படுகிறோம் என்பதற்காக அதன் இரவு முழுவதையும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

யுவி வாங்கும்போது ஏமாற வாய்ப்பு உண்டு. நான் முதலில் வாங்கியது வெறும் ஊதா நிற பல்பு; நான்கு இரவு கொசுவைத் தவிர எதுவும் வரவில்லை. வாங்கியதும் ரூபாய் நோட்டை அதன் முன் பிடியுங்கள். வரிசை எண்ணும், தாளில் சிதறியிருக்கும் இழைகளும் ஒளிர வேண்டும். ஒளிரவில்லை என்றால் அதில் யுவி இல்லை. பெட்டியில் 395 என்று போட்டிருப்பதை விட 365-ஐ ஒட்டி இருப்பது நல்லது. வேட்டிக்கும் இதில் பங்கு உண்டு: சலவைத்தூளில் துவைத்த பருத்தி வேட்டி யுவியில் நீலமாக ஒளிர்ந்து தானே ஒரு விளக்காகிவிடும். விளக்கை வெறும் கண்ணால் உற்றுப் பார்க்க வேண்டாம், குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் இன்னும் கவனம்.

சரி, விளக்குக்கு வராதவை? அங்கேதான் பழக் கரைசல். கறுத்துப்போன வாழைப்பழத்தைப் பிசைந்து, நாட்டுச்சர்க்கரை கலந்து, இரண்டு நாள் மூடி வைத்தால் புளித்து நுரைக்கும். பொழுது சாய்ந்ததும் வேப்பமரத்திலோ மாமரத்திலோ நெஞ்சு உயரத்தில் பூச வேண்டும். புத்தகத்தில் சொல்லாத தொல்லை எறும்பு. பூசிய கால் மணி நேரத்தில் மரம் முழுக்க எறும்பு. எனக்குப் பலன் தந்த வழி, பழைய பருத்தித் துணியைக் கரைசலில் நனைத்து, விளக்கெண்ணெய் தடவிய கயிற்றில் கிளையிலிருந்து தொங்கவிடுவது. ஒன்பது மணிக்கு டார்ச் அடித்துப் போனால் தூரத்திலேயே பூச்சிகளின் கண்கள் தணல் மாதிரி சிவப்பாக மின்னும். வேட்டியில் நான் ஒரு தடவைகூடப் பார்க்காத எரிபஸ் வகை, பெரிய கண் வரைந்த பழுப்பு இறக்கையோடு அங்கே உட்கார்ந்திருந்தது. பின்னிறக்கை மஞ்சளாக இருக்கும் யூடோசிமாவும் வந்தது. இதன் புழு சீந்தில் கொடியைத் தின்னும், வளர்ந்த பூச்சி பழத்தைத் துளைத்துச் சாறு குடிக்கும்.

மே மாதத்தில் முந்திரித் தோப்பு இருக்கிற ஊர்க்காரர்களுக்குக் கரைசலே வேண்டாம். கொட்டை எடுத்துப் போட்ட முந்திரிப்பழம் மரத்தடியில் தானே புளித்துக் கிடக்கும். ஆலங்குடிப் பக்கம் உறவினர் தோப்பில் ஒரு இரவு டார்ச்சோடு நடந்தே பதினொரு வகை குறித்தேன். அப்புறம் இதற்கும் எல்லை உண்டு. டசர் பட்டு அந்து போன்றவற்றுக்கு வளர்ந்த பிறகு உண்ணும் வாயே இல்லை. எவ்வளவு இனிப்பு வைத்தாலும் வராது. அவற்றுக்கு விளக்குதான். ஆகையால் இந்த இரண்டையும் போட்டியாகப் பார்ப்பதே தப்பு என்று இப்போது நினைக்கிறேன். போட்டி மெர்குரிக்கும் யுவிக்கும்தான்; அதில் என் ஓட்டு யுவிக்கு.

வந்தது என்ன என்று கண்டுபிடிப்பதுதான் இதைவிடப் பெரிய வேலை. படத்தைப் போட்டதும் பெயர் சொல்லும் கைபேசிச் செயலிகள் வசதியானவை, ஆனால் அதிகம் படமெடுக்கப்பட்ட இனங்களின் பக்கமே அவை சாயும். முதல் கோடையில் ஒரு செயலி முதலில் காட்டிய பெயரை அப்படியே நோட்டில் எழுதி, பின்னால் பதினேழு பெயர்களை அடித்துத் திருத்தினேன், அவசரம் என்னுடையது. உயிரினப் படங்களைப் பதிந்து அடையாளம் கேட்கும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் பதிவதன் நன்மை பரிந்துரையில் இல்லை, மனிதர்கள் வந்து பார்ப்பதில் இருக்கிறது. அடையாளம் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால்தான் அங்கே பதிவு ஆய்வுத் தரம் பெறும். இந்திய அந்துகளுக்கென்றே இருக்கும் 'மாத்ஸ் ஆஃப் இந்தியா' தளத்தில் இனம் இனமாக, இடம், தேதியோடு படங்கள் கிடைக்கும். தேடுவது மெதுவாக இருக்கும், ஆனால் கண் பழகும்.

பழைய துணை ஒன்று உண்டு. நீலகிரியில் தேயிலைத் தோட்டம் வைக்க வந்து அந்துப்பூச்சிப் பித்து பிடித்த ஜார்ஜ் ஹாம்ப்சன், 1892 முதல் 1896 வரை இந்தியப் பகுதி அந்துகளைப் பற்றி நான்கு தொகுதிகள் எழுதினார். இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். பெயர்கள் பல மாறிவிட்டன, வண்ணப் படம் இல்லை. ஆனாலும் இறக்கையின் எந்தக் கோட்டைப் பார்க்க வேண்டும் என்று அது கற்றுக்கொடுக்கும். முதுகில் மண்டையோடு வரைந்த ஹாக்மாத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எள் வயலில் இதன் புழு உண்டு. முதுகுப் படம் மட்டும் எடுத்தால், இதன் இரண்டு இனங்களில் ஸ்டிக்ஸா லாக்கெசிஸா என்று தடுமாற்றம் வரும். பின்னிறக்கை தெரிந்தால் லாக்கெசிஸில் அடிப்பகுதி பெரும்பாலும் கறுப்பு, ஸ்டிக்ஸில் மஞ்சள் அதிகம். முன்னிறக்கையின் கீழ்ப்பக்கம் படத்தில் கிடைத்தால் இன்னும் நல்லது.

எந்தச் செயலியையும் விட உறுதியான வழி புழு வளர்ப்பு. நந்தியாவட்டையிலோ அரளியிலோ நீலக் கண் இரண்டு போட்ட பச்சைப் புழுவைப் பார்த்தால், அதே செடியின் இலையோடு டப்பாவில் வைத்துத் தினமும் புது இலை கொடுங்கள். டாஃப்னிஸ் நெரி என்ற ஹாக்மாத் கூட்டிலிருந்து வெளியே வருகிற காலை மறக்காது. முருங்கைக் கம்பளிப்பூச்சியைக் கையால் தொட வேண்டாம், தடித்துப்போகும். மிகச் சிறிய அந்துகளைப் படத்தை வைத்து இனம் வரை சொல்லவே முடியாது. குடும்பத்தோடு நிறுத்துவது நேர்மை.

நோட்டில் தேதி, நேரம், நிலா, காற்று, கடைசி மழை எல்லாம் எழுதுகிறேன். பௌர்ணமியை ஒட்டி விளக்குக்குக் குறைவாகவே வரும், அதனால் அமாவாசைப் பக்கம் மூன்று இரவுகள் கட்டாயம் உட்காருகிறேன். ஒன்றும் வராத இரவுக்குச் சுழி போட்டுக் குறிக்கிறேன். அந்தச் சுழிகள் இருந்ததால்தான் ஒரு விஷயம் பிடிபட்டது: தொடர்ந்து ஆறு வறண்ட இரவுகள் வெறுமையாகப் போய், ஒரு கோடை மழைக்குப் பின் ஒரே இரவில் வேட்டியில் நாற்பத்து மூன்று வெள்ளை அந்துகள். நிலக்கடலைக்காரர்களுக்குத் தெரிந்த சிவப்புக் கம்பளிப்புழுவின் தாய்ப்பூச்சி. கோடை முழுக்க மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகக் கிடந்து, மழை நனைத்ததும் சேர்ந்து வெளியே வரும். விவசாயிகள் விளக்குப்பொறி வைப்பதும் இதற்காகத்தான். முன்னிறக்கையின் ஓரக்கோட்டைப் பாருங்கள். மஞ்சளாக இருந்தால் அம்சாக்டா அல்பிஸ்ட்ரிகா, சிவப்பாக இருந்தால் அம்சாக்டா மூரி. எங்கள் வேட்டியில் இருந்தது அத்தனையும் மஞ்சள்.