செய்தி மேசையிலிருந்து சொந்தத் தொழிலுக்கு: இணையதள வடிவமைப்பா, காணொளித் தயாரிப்பா?

பத்திரிகையிலோ தொலைக்காட்சியிலோ பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்துவிட்டு, மாதச் சம்பளத்தை விட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்க நினைப்பவர்களிடம் ஒரு பொதுவான தவறைப் பார்க்கிறேன். இணையதள வடிவமைப்பையும் காணொளித் தயாரிப்பையும் ஒரே விசிட்டிங் கார்டில் அச்சடித்துவிடுகிறார்கள். இரண்டும் கணினித் திரையில் முடிகிற வேலை என்பதால் ஒன்றுபோலத் தோன்றுகின்றன. ஆனால், பணம் வரும் விதத்திலும், கேட்கும் முதலீட்டிலும், சட்டம் நடத்தும் முறையிலும் இவை வெவ்வேறு தொழில்கள். முதல் ஆண்டில் இரண்டையும் சேர்த்து நடத்தும் வசதி பெரும்பாலோருக்கு இருக்காது. தமிழ்நாட்டுச் சூழலில் எதை முதலில் தொடங்கலாம் என்பதே இங்கே கேள்வி.

முதலில், செய்தித் துறையில் எந்த நாற்காலியில் இருந்தோம் என்று பார்க்க வேண்டும். உதவி ஆசிரியராக இருந்தவருக்கு எது முதல் பக்கம், எது ஆறாம் பக்கம், எந்தத் தலைப்பு இரண்டு பத்தியில் அடங்கும் என்பதெல்லாம் கைப்பழக்கம். இணையதளத்தின் முகப்பைத் திட்டமிடுவதும் ஏறத்தாழ அதே வேலைதான். களத்தில் அலைந்த நிருபரின் கைமுதல் வேறு. கோயம்புத்தூரில் வெட் கிரைண்டர் பட்டறை நடத்துபவர் கேமராவின் முன் விறைத்து நின்று, எழுதி வைத்ததை ஒப்பிப்பார். அவரிடம் முதன்முதலில் வாங்கிய கடைசல் இயந்திரத்தைப் பற்றிக் கேட்டு, பதில் தானாக வரும்வரை வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரிந்தவர் நிருபர்தான். நல்ல கேமரா வைத்திருக்கும் பலரிடம் இந்தப் பொறுமை இல்லை.

முதலீட்டில் இணையதளம் எளிது. ஓரளவு நல்ல மடிக்கணினி, டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்), ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் வாடகை இடம்) ஆகியவை போதும். 2003-இல் வெளிவந்த, தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸ் இன்றும் இலவசம். உலக இணையதளங்களில் ஐந்தில் இரண்டுக்கு மேல் அதில்தான் இயங்குகின்றன. காணொளியிலும் மென்பொருளுக்குச் செலவில்லாமல் தொடங்கலாம். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பே சிறு நிறுவனங்களின் படங்களுக்குப் போதுமானது. செலவெல்லாம் கருவியிலும் சேமிப்பிலும்தான். விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் 4கே படம் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி பிடிக்கும். இரண்டு கேமராக்கள் தலா மூன்று மணி நேரம் ஓடினால் 270 ஜிபி. ஒரு நகல் எடுத்து வைத்தால் 540 ஜிபி. இது ஒருநாள் ஷூட்டின் கணக்கு. ‘அந்த ரா ஃபுட்டேஜ் (வெட்டி ஒட்டாத மூலப் பதிவு) இருக்கிறதா?’ என்று எட்டு மாதம் கழித்து வாடிக்கையாளர் கேட்பார் என்பதால், அதை அழிக்கவும் மனம் வராது. கேமராவை வடபழனி, சாலிகிராமம் பக்கம் நாள்வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். காலர் மைக்கையும் ஹார்டு டிஸ்கையும் மட்டும் சொந்தமாக வாங்கினால் போதும் என்பது என் கருத்து.

வருமானத்தின் நடைதான் இரண்டையும் உண்மையில் பிரிக்கிறது. காணொளியில் வேலைக்கு ஒருமுறை பணம்; அட்வான்ஸ் வாங்கினோம், எடுத்தோம், கொடுத்தோம், மீதியைக் கேட்டு அலைந்தோம் என்று கணக்கு முடிந்துவிடும். அடுத்த மாதம் மறுபடியும் சுழியத்திலிருந்து தொடங்க வேண்டும். கல்யாண வேலையையும் எடுப்பவர்களுக்கு ஆடியும் மார்கழியும் வறண்ட மாதங்கள். இணையதளத்தில் முதல் தொகை சிறியதாக இருக்கலாம். ஆனால், ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் என்ற ஒன்று உண்டு. இருபது வாடிக்கையாளர்கள் சேர்ந்துவிட்டால், புது வேலை வராத மாதத்திலும் வீட்டு வாடகை வந்துவிடும். சம்பளத் தேதிக்குப் பழகிய குடும்பத்துக்கு இது சிறிய ஆறுதல் அல்ல.

வரியிலும் இதே வேறுபாடு தொடர்கிறது. சேவைத் தொழிலில் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். 18 விழுக்காடு வரியைப் பில்லில் சேர்க்க வேண்டும். காணொளித் தயாரிப்பாளரின் பில்லில் ஒளிப்பதிவாளர் கூலி, லைட் வாடகை, வண்டிச் செலவு, சாப்பாடு எல்லாம் அடங்கியிருப்பதால், கையில் நிற்பது குறைவாக இருந்தும் அவர் அந்த வரம்பைச் சீக்கிரம் தொட்டுவிடுவார். தனியாக வேலை செய்யும் இணையதள வடிவமைப்பாளருக்கு வருவதில் பெரும்பகுதி அவருடைய உழைப்புக்கான தொகையே.

இணையதளத் தொழிலில் உள்ள எவரையும் கேட்டுப் பாருங்கள்: வேலை தாமதமாவதற்கு முதல் காரணம் ‘மேட்டர்’, அதாவது தளத்தில் போட வேண்டிய எழுத்து, வாடிக்கையாளரிடமிருந்து வராதது. வடிவமைப்பு முடிந்திருக்கும், ‘எங்களைப் பற்றி’ பக்கம் மட்டும் வெற்றாக நிற்கும். ‘நாளைக்கு அனுப்பிடறேன் சார்’ என்ற பதிலில் மாதங்கள் ஓடும். கடைசித் தவணையும் அதோடு சேர்ந்து நின்றுபோகும். பத்திரிகையாளருக்கு இங்கேதான் கூடுதல் பலம். அவர் மேட்டருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நேரில் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டு, மறுநாள் எழுதிக் கொடுத்துவிடலாம். ஆனால், பழக்கதோஷத்தில் இதை இலவசமாகச் செய்துவிடுகிறோம். எழுத்துக்கு யாராவது சம்பளத்துக்கு மேல் தருவார்கள் என்ற நம்பிக்கையை நமக்கு யாரும் ஊட்டவில்லை. விலைப்பட்டியலில் எழுத்து தனி வரியாக, தனித் தொகையோடு இருக்க வேண்டும்.

தமிழ் எழுத்துரு விஷயத்திலும் செய்தி மேசை அனுபவம் உதவுகிறது. எந்தக் கணினியிலும் ஒரே மாதிரி படிக்கக்கூடிய எழுத்துக் குறியீடான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-இல் ஏற்றது. ஆனாலும் அச்சகங்களிலிருந்தும் அலுவலகங்களிலிருந்தும் வானவில் என்ற பழைய முறை எழுத்துருவில் தட்டிய கோப்புகள் இன்னும் வருகின்றன. அவற்றை அப்படியே தளத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகச் சிதறும். பழைய எழுத்துருக்களோடு மல்லாடிய நமக்கு, மாற்றிய பிறகு எந்த எழுத்துகள் தப்பாக வரும் என்பதுகூடத் தெரியும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரான் போன்ற நல்ல எழுத்துருக்கள் இலவசமாகக் கிடைப்பதால், இணையதளத்தில் தமிழ் இன்று அழகாகவே நிற்கிறது. காணொளியில் அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. எடிட்டிங் மென்பொருளில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் விட்டால், ‘கொ’வின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றுவிடும். இணையதளத்தில் பிழையைக் கண்டால் இரண்டு நிமிடத்தில் திருத்தலாம். காணொளியில் மறுபடி ரெண்டர் செய்து (முழுப் படக் கோப்பையும் புதிதாக உருவாக்கி), மறுபடி ஏற்ற வேண்டும். அதற்குள் பழைய பிரதி நாற்பது வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போயிருக்கும்.

நண்பர்கள் அதிகம் கவனிக்காத இன்னொன்று உரிமை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு பத்திரிகை எழுத்து, காணொளி, இணையதளம் ஆகிய மூன்றையும் மூன்று விதமாகப் பார்க்கிறது. பத்திரிகையில் சம்பளத்துக்கு வேலை செய்து, அதில் வெளியிடுவதற்காக எழுதிய கட்டுரையில், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, பத்திரிகைகளில் வெளியிடும் உரிமை முதலாளிக்குப் போகும். மற்ற உரிமைகள் எழுதியவருக்கே. ஒருவர் கேட்டுக்கொண்டு பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்திலோ, மாற்று ஒப்பந்தம் இல்லையென்றால், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். சுதந்திரமாகத் தொழில் செய்பவர் வாடிக்கையாளருக்காக எழுதிய நிரலும் வாசகங்களும் சட்டத்தின் பார்வையில் இலக்கியப் படைப்புகள். எழுத்துபூர்வமாக மாற்றிக் கொடுக்காதவரை அவற்றின் உரிமை எழுதியவரிடமே இருக்கும். அப்படி மாற்றிக் கொடுக்கும் பத்திரத்தில் காலவரையறை குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றே சட்டம் கொள்ளும். ஆகவே, காணொளி எடுப்பவர் தன் படத்தின் ஒரு காட்சியைத் தன் மாதிரித் தொகுப்பில் சேர்க்க நினைத்தால், அந்த அனுமதியைத் தொடக்கத்திலேயே எழுதி வாங்க வேண்டும். இணையதளக்காரருக்கு இந்தக் கவலை குறைவு. ஆனால், அவர் தொழிலுக்கே உரிய ஒரு கெட்ட வழக்கத்தில் விழக்கூடாது: வாடிக்கையாளரின் டொமைனைத் தன் பெயரில் பதிந்து வைத்துக்கொண்டு, பிற்பாடு அதைப் பிடிமானமாகப் பயன்படுத்துவது.

அனுமதிகளைப் பொறுத்தவரை இணையதளத்துக்குச் சொல்ல ஒன்றுமில்லை. காணொளிக்குக் கோயில், ரயில் நிலையம், கடற்கரை என்று ஒவ்வோர் இடத்திலும் ஒரு மனு உண்டு. ட்ரோன் காட்சி வேண்டுமென்றால், 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி, 250 கிராமுக்கு மேற்பட்டதை வணிகத்துக்காக இயக்குபவரிடம் பைலட் சான்றிதழ் இருக்க வேண்டும். செய்தியாளர் அட்டையைக் காட்டி உள்ளே போன காலம் முடிந்துவிட்டது என்பதை ஏற்றுக்கொள்ளச் சில மாதங்களாவது ஆகும். எனக்கு ஓராண்டு ஆயிற்று.

இணையதளத்தின் பலவீனத்தையும் மறைக்கக் கூடாது. தெருமுனை மளிகைக் கடைக்கு இன்று இணையதளம் தேவையில்லை. கூகுள் மேப்பில் பெயரும் வாட்ஸ்அப் எண்ணும் போதும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் ஐந்து பக்கத் தளத்தைச் சில நிமிடங்களில் கட்டிக் கொடுக்கின்றன. எனவே, விலை குறைந்த தளங்களை நம்பி இத்தொழிலில் இறங்குவது புத்திசாலித்தனம் அல்ல. பள்ளிகள், மருத்துவமனைகள், ஏற்றுமதி நிறுவனங்கள், அறக்கட்டளைகள் போன்று அடிக்கடி புதிய தகவல் வெளியிட வேண்டியவர்களே சரியான வாடிக்கையாளர்கள். கூகுள் தன் வணிகப் பட்டியலோடு இலவசமாகக் கொடுத்துவந்த ஒருபக்கத் தளங்களை 2024 மார்ச்சில் நிறுத்தியதை அவர்களிடம் எடுத்துச் சொன்னால், சொந்த டொமைன் ஏன் வேண்டும் என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

தொடர்ந்து கட்டுரை எழுத விரும்புபவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். தேர்தல் நேரத்தில் காணொளி வேலை குவியும், தொகையும் பெரிது. ஒரு வேட்பாளரின் பிரசாரப் படத்தை எடுத்துவிட்டு, மறுவாரம் அதே தொகுதியைப் பற்றி நடுநிலையோடு எழுதுவதாகச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். இணையதள வேலையிலும் இந்தச் சிக்கல் உண்டு என்றாலும், மருத்துவமனைத் தளத்தைப் பராமரிப்பவர் சுகாதாரத் துறைச் செய்தியைத் தவிர்த்துவிட்டு மற்றதை எழுதலாம்.

என் தேர்வைச் சொல்லிவிடுகிறேன். செய்தி மேசையிலிருந்து வருபவர், குறிப்பாக வீட்டில் ஒரே சம்பளத்தை நம்பியிருப்பவர், இணையதளத்தில் தொடங்குவதே சரி. அந்த வாடிக்கையாளர்களே ஆறு மாதத்தில் ‘ஒரு சின்ன வீடியோவும் வேண்டுமே’ என்று கேட்பார்கள். அப்போது ஒளிப்பதிவாளரை நாள்கூலிக்கு அமர்த்திக்கொண்டு, கேள்வி கேட்கும் வேலையை மட்டும் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம். தொலைக்காட்சியில் களத்தில் இருந்தவருக்கு இதே அறிவுரையைச் சொல்ல மாட்டேன். நாற்காலியில் உட்கார்ந்து பிளகின் (தளத்தின் துணை மென்பொருள்) புதுப்பித்துக்கொண்டிருக்க அவரால் முடியாது. அவர் கேமராவோடு போகட்டும். ஆனால், கையில் ஆறு மாத வீட்டுச் செலவை வைத்துக்கொண்டு, முதல் பில்லிலேயே பாதித் தொகையை அட்வான்ஸாக வாங்கிக்கொண்டு போகட்டும்.