கேப்சிட் உறுதியை எதைக் கொண்டு அளப்பது?

வைரஸின் புரதக் கூடு, அதாவது கேப்சிட், எந்தச் சூட்டில் குலையும் என்று தெரிய வேண்டுமானால் ஆய்வகங்களில் முதலில் செய்வது சாயத்தோடு சூடேற்றும் சோதனைதான். இதற்கு, சூடேற்றிக்கொண்டே ஒளிர்வை அளக்கும் ரியல் டைம் பிசிஆர் கருவி போதும்; வைரஸ் ஆய்வகத்தில் அது எப்படியும் இருக்கும். சில பத்து மைக்ரோலிட்டர் மாதிரியில் சாயத்தைக் கலந்து, 25 டிகிரியிலிருந்து 95 வரை மெல்ல ஏற்றினால் அன்றைக்கே வரைகோடு கிடைத்துவிடும்.

எந்தச் சாயம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சைப்ரோ ஆரஞ்ச், புரதம் அவிழ்ந்து அதன் நீர்வெறுக்கும் பகுதிகள் வெளியே தெரியும்போது ஒளிரும். சைபர் கிரீன் 2, கூட்டுக்குள் இருக்கும் வைரஸின் மரபுப்பொருளான ஆர்என்ஏவோடு சேர்ந்தால் ஒளிரும். கூடு திறந்துகொண்டதைச் சொல்வது இதுதான். இவை இரண்டும் ஒரே வெப்பநிலையில் நடக்க வேண்டும் என்பதில்லை. போலியோ வைரஸைச் சூடேற்றினால் 160எஸ் துகள் (எஸ் என்பது மையவிலக்கில் துகள் படியும் வேகத்தின் அலகு) ஆர்என்ஏவை இழந்து 80எஸ் வெற்றுக் கூடாகிறது. கூடு உடையவில்லை, ஆனால் நோயெதிர்ப்பு அமைப்பு அடையாளம் காணும் அதன் வடிவம் மாறி, டி ஆன்டிஜென் சி ஆன்டிஜெனாகிவிட்டது. தடுப்பூசிக்கு வேண்டியது டி. கூடு உடைகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர் இதைக் கோட்டை விடுவார்.

கோமாரி வைரஸ் இதற்கு நேர்மாறு. அதன் 146எஸ் துகள் சூட்டிலோ லேசான அமிலத்திலோ 12எஸ் துண்டுகளாகச் சிதறிவிடும். துண்டுகளுக்குள் புரதம் மடிப்புக் கலையாமலே இருக்கும்; அதனால் சைப்ரோ ஆரஞ்ச் இந்தச் சிதைவைத் தவறவிடலாம். இங்கே சுக்ரோஸ் அடுக்கில் அதிவேக மையவிலக்குச் சுழற்சி செய்து, முழுத்துகள் எவ்வளவு மிஞ்சியது என்று நேரடியாகப் பார்ப்பது இன்றும் நம்பகமானது. நேரமும் மாதிரியும் நிறையத் தின்னும், சரி, ஆனால் கிடைக்கும் விடையில் குழப்பமில்லை.

சாயமே வேண்டாம் என்றால் கலோரிமீட்டர். அவிழும்போது உறிஞ்சப்படும் வெப்பத்தையே அளப்பதால், மாதிரியில் சோப்பு வகைப் பொருள் இருந்து சைப்ரோ ஆரஞ்ச் தொடக்கத்திலேயே ஒளிர்ந்து தொல்லை தரும் இடங்களில் கைகொடுக்கும். மரபணு சிகிச்சையில் பயன்படும் ஏஏவி (அடினோ சார்ந்த வைரஸ்) வகைகளைப் பிரித்தறியவும் உதவுகிறது: ஏஏவி2 70 டிகிரியை ஒட்டி உருகும், ஏஏவி5 90ஐ நெருங்கும். குறை, தூய மாதிரி கணிசமாக வேண்டும். புரதத்திலுள்ள டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தின் இயல்பான ஒளிர்வைப் பின்தொடரும் நானோ டிஎஸ்எஃப் என்ற முறை, சாயச் சோதனைக்கும் கலோரிமீட்டருக்கும் நடுவே நிற்கிறது; சாயமில்லை, பத்து மைக்ரோலிட்டரே போதும்.

இந்தச் சூடேற்றும் முறைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு வலை உண்டு. கேப்சிட் உடைந்தால் பெரும்பாலும் திரும்பச் சேராது. அதனால் வேகமாகச் சூடேற்றினால் உருகுநிலை உயர்ந்து தெரியும், மெதுவாக ஏற்றினால் தாழ்ந்து தெரியும். வெவ்வேறு வேகத்தில் எடுத்த இரண்டு எண்களை அருகருகே வைத்து 'இது இரண்டு டிகிரி உறுதியானது' என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. குளிர்பெட்டியில் மாதக்கணக்கில் தாங்குமா என்பதற்கும் அந்த எண் நேரான பதிலல்ல.

அணுவிசை நுண்ணோக்கி முற்றிலும் வேறு கேள்வி கேட்கிறது. ஊசிமுனையால் ஒரே ஒரு துகளை அழுத்தி விறைப்பைப் பார்க்கிறது. முதிராத எச்ஐவி துகள் முதிர்ந்ததைவிடப் பத்து மடங்குக்கும் மேல் விறைப்பானது என்று தெரிந்தது இப்படித்தான். அழகான அளவீடு. ஆனால் விறைப்பான கூடு வெப்பத்தையும் தாங்கும் என்று அதிலிருந்து முடிவுகட்ட முடியாது.

அப்புறம் பழைய வழி: சூடேற்றிவிட்டு, செல்களில் எத்தனை தொற்றுகிறது என்று எண்ணுவது. பல நாள் ஆகும், வெற்றுக் கூடுகளுக்குப் பயன்படாது, துகள்கள் ஒட்டிக்கொண்டாலும் எண்ணிக்கை சரியும்.

நான் தேர்ந்தெடுப்பதானால், மாதிரியை வைக்கும் பத்து இருபது பஃபர் கரைசல்களைச் சலித்தெடுக்க இரு சாயங்களையும் தனித்தனிக் குழிகளில், ஒரே வேகத்தில் ஓட்டுவேன். தேறிய இரண்டு மூன்றை மட்டும், சேமிக்கப்போகும் வெப்பநிலையிலேயே வைத்து, வாரந்தோறும் தொற்றுத்திறன் பார்ப்பேன். காலிக் கூடுகள் என்றால் தொற்றுத்திறனுக்குப் பதில் மையவிலக்கு.