காப்புறுதி இல்லாத பட்டா லொறி இடிச்சு 285,000 ரூபாய் போச்சு. வாசிக்காமல் ஒரு துண்டிலயும் கையெழுத்து வைக்காதேங்கோ

கை இன்னும் நடுங்குது. இப்பதான் அந்தக் கடையில இருந்து வந்து இருந்து எழுதிறன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ. கடைப் பேர் போடமாட்டன், கேக்கவும் வேண்டாம். பரந்தன் முல்லைத்தீவு ரோட்டில சீமெந்து, கம்பி, தகரம் விக்கிற ஒரு ஹாட்வெயார், அவ்வளவுதான். அந்த ரோட்டில அப்பிடிக் கடை கனக்கக் கிடக்கு. எல்லாரையும் சொல்லேல்ல, ஒருத்தரைத்தான் சொல்லுறன்.

மாசி மாசம் நடுவில நடந்தது. அம்மாவைக் கிளிநொச்சி ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போட்டுத் திரும்பி வாறம். காலபோக அறுவடை நேரம். தருமபுரம் தாண்டினாப் பிறகு ரோட்டின்ரை ஒரு பக்கம் முழுக்க நெல்லுக் காயுது. உங்களுக்குத் தெரியும்தானே, படங்கு விரிச்சு, கரையில கல்லு அடுக்கி, ஒரு வாகனம் போற அளவுக்குத்தான் வழி விட்டிருப்பினம். அதுக்கு நான் குறை சொல்ல ஏலாது, எங்கட வீட்டு நெல்லும் ரோட்டிலதான் காஞ்சது. முன்னுக்கு ஒரு உழவு இயந்திரம் பெட்டியோட போகுது. எதிர்ப்பக்கத்தால பஸ் வர அந்த ஐயா நிப்பாட்டினார், நானும் பின்னால நிப்பாட்டிட்டன். நிப்பாட்டி ஒரு மூச்சு விட்டிருப்பன், பின்னால இருந்து படார் எண்டு ஒரு இடி. கார் முன்னுக்குப் போய்ப் பெட்டிக்குக் கீழ செருகிக்கொண்டு நிண்டது. என்ரை ஆல்டோ முன்னாலயும் பின்னாலயும் சப்பளிஞ்சு போச்சு. இடிச்சது அந்தக் கடையின்ரை, சீமெந்து ஏத்தின பட்டா.

ஓடி வந்த பொடியனுக்கு மிஞ்சிப் போனால் இருபது வயசு. இறங்கி நிண்டு அழுகுறான். "அண்ணை, பிரேக் பிடிக்கேல்ல அண்ணை, முதலாளி என்னைக் கொல்லுவார்." அம்மா கழுத்தைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறா, அந்த நிலையிலயும் "பாவமடா, பொடியனைப் பேசாத" எண்டுறா.

பத்து நிமிசத்தில முதலாளி மோட்டார் சைக்கிளில வந்திட்டார். நெத்தி நிறையத் திருநீறு. காரைப் பாக்கேல்ல, பட்டாவையும் பாக்கேல்ல, நேர அம்மாட்டைப் போனார். "அம்மா, உங்களுக்கு ஒண்டும் இல்லையே? வாகனம் கிடக்கட்டும், தகரம்தானே." பக்கத்துக் கடையில சோடா வாங்கி உடைச்சுக் குடுத்தார். எனக்கு அந்த இடத்திலயே கோவம் பாதி இறங்கிப்போச்சு. இப்ப நினைக்கேக்க விளங்குது, மனுசன் இப்பிடி எத்தினை பேருக்குச் சோடா உடைச்சிருப்பார் எண்டு.

நான் 119க்கு அடிக்கப் போனை எடுத்தனான். கையைப் பிடிச்சார். "தம்பி, பொலிஸுக்குப் போனால் உம்மட காரையும் கொண்டுபோய் நிப்பாட்டுவினம். பரிசோதகர் வந்து பாத்துத்தான் விடுவினம். அம்மாவையும் வைச்சுக்கொண்டு அலையப் போறீரோ? பொடியன்ரை லைசன்ஸும் போயிடும். நான் முழுக்கச் செய்து தாறன்." சரி, இன்சூரன்ஸ் இருக்குத்தானே அண்ணை எண்டு கேட்டன். "ஃபுல் இன்சூரன்ஸ் தம்பி. கிளெயிம் எடுத்தால் போனஸ் வெட்டுவாங்கள், அதுதான் கையால தாறன் எண்டுறன்." கேட்டால் நியாயம் மாதிரித்தானே கிடக்கு? பட்டாவின்ரை முன் கண்ணாடியில துண்டு ஒட்டிக் கிடந்தது. நான் பாத்தனான். பாத்தனானே ஒழிய வாசிக்கேல்ல.

அதுக்கும் மேல ஒண்டு சொன்னார். "வற்றாப்பளை அம்மாள் ஆணை, ஒரு சதம் குறையாமல் தருவன்."

வன்னியில பிறந்தவைக்கு இதுக்கு விளக்கம் தேவையில்லை. கடல் தண்ணியில விளக்கெரியிற கோயில். அவவின்ரை பேரைச் சொல்லிப் பொய் சொல்ல ஆருக்கும் வாய் வராது எண்டுதான் நாங்கள் வளந்தனாங்கள். அம்மா உடனே சொன்னா, "அம்மாளின்ரை பேரைச் சொல்லிப்போட்டார், இனி என்ன, வா வீட்டை போவம்." முடிஞ்சுது கதை. போனைச் சேட்டுப் பொக்கற்றுக்குள்ள வைச்சிட்டன்.

வெளிக்கிடேக்க 15,000 ரூபாய் எண்ணித் தந்தார். "இது அம்மாவின்ரை மருந்துச் செலவுக்கும் கார் இழுக்கிறதுக்கும். கணக்குக்கு ஒரு கையெழுத்து வையும்." கடை பில் புத்தகத்தில நாலைஞ்சு வரி எழுதியிருந்தது. முதல் வரியில 15,000 பெற்றுக்கொண்டேன் எண்டு கிடந்தது, அதைப் பாத்தன், வைச்சன். அம்மா காருக்குள்ள முனகிக்கொண்டு இருக்கிறா, வெயில் கொளுத்துது, பின்னால வாகனமெல்லாம் ஹோர்ண் அடிக்குது. அப்ப ஆர் கடைசி வரியை வாசிக்கிறது.

கராஜ் கணக்குக்கு வாறன். டிங்கரும் பெயின்ரும் 110,000. டிக்கிக் கதவு, அதுவும் பழசு, 65,000. ரேடியேற்றரும் ஏசி கொண்டன்சரும் 58,000. முன் லைற்றுகளும் கிரில்லும் 42,000. பின் பம்பரும் பின் லைற்றும் 25,000. மொத்தம் 300,000. 2022க்குப் பிறகு சாமான் விலை உங்களுக்குத் தெரியாததில்லை. 15,000ஐக் கழிச்சால் 285,000 ரூபாய். அம்மா கழுத்துப் பட்டியோட ஓட்டோவில கிளினிக் போய் வந்த காசு, கார் இல்லாமல் நான் விட்ட ஹயர் எல்லாம் இதுக்குள்ள இல்லை.

பில்லைக் கொண்டுபோய்க் குடுத்தன். தேத்தண்ணி தந்தார். "நெல்லுக் காசு வரட்டும் தம்பி, சனம் கடனுக்குத்தான் சாமான் எடுத்திருக்கு." சரி, ஞாயம்தானே, இருந்தன். நெல்லு வித்து முடிஞ்சுது, போனன். "சித்திரை வருசம் வருது, இந்த நேரம் பெட்டியில இருந்து காசு வெளியில போகக் கூடாது, வருசம் முடியட்டும்." வருசமும் முடிஞ்சுது. அதுக்குப் பிறகு தேத்தண்ணியும் இல்லை. போன் அடிச்சால் கட். வேற நம்பரில இருந்து அடிச்சால் "ஆர்?" எண்டு கேட்டிட்டுக் கட். கடைக்குப் போனால் மகன் நிப்பார், "அப்பா வவுனியாவுக்குப் போட்டார்." ஒருநாள் உள்ளுக்கு இருமிற சத்தம் கேக்குது, மகன் என்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு "வவுனியாவில" எண்டுறார்.

ஒருக்கா ஆள் நேர அம்பிட்டார். அப்ப கதை மாறிட்டுது. "பின்பக்கம்தான் எங்கட வாகனம் இடிச்சது. முன்பக்கம் நீர்தானே பெட்டியில கொண்டுபோய் இடிச்சனீர்?" நிண்ட கார் தானாப் போய் இடிச்சதாம்! அப்பவும் நான் சண்டை பிடிக்கேல்ல. பாதியையாவது தாங்கோ எண்டு கேட்டன். அப்ப சொன்னார், "வற்றாப்பளைப் பொங்கல் முடியட்டும்." அதே வாயால.

இதுக்கிடையில அந்தப் பொடியனைத் தேடிப் பிடிச்சன். அம்மா பாவம் பாத்த பொடியனை அடுத்த கிழமையே வேலையால நிப்பாட்டிப்போட்டினமாம், சம்பளமும் பிடிச்சுக்கொண்டுதானாம். அவன் சொல்லித்தான் மிச்சம் எல்லாம் தெரியும். அந்தப் பட்டாவுக்கு ஃபுல்லும் இல்லை, தேர்ட் பார்ட்டியும் இல்லை. இன்சூரன்ஸ் முடிஞ்சு ஒரு வருசத்துக்கு மேல. கண்ணாடியில ஒட்டியிருந்தது பழைய வரிப்பத்திரம், வெயிலில மங்கி எழுத்தே தெரியாது. இன்சூரன்ஸ் இல்லாமல் வரிப்பத்திரம் புதுப்பிக்க ஏலாது, ஆனபடியால் ஒண்டு காலாவதி எண்டால் மற்றதையும் சந்தேகப்படவேணும். எனக்கு இது தெரியாத விசயமில்லை. இருபது வருசமா வாகனம் ஓடுறன்! வாகனமும் அவற்றை பேரில இல்லை. தெற்கில ஆரோ ஒருத்தற்றை பேரில கிடக்கு, பேர் மாத்தாமல் ஓபன் பேப்பரில வாங்கி ஓடுறார்.

என்ரை பிழையையும் சொல்லத்தான் வேணும். 2022ல தலைக்கு மேல செலவு எண்டு ஃபுல் இன்சூரன்ஸை விட்டிட்டுத் தேர்ட் பார்ட்டிக்கு மாறினனான். என்ரை கம்பனிக்கு அடிச்சுக் கேட்டன். தேர்ட் பார்ட்டி எண்டால் நான் ஆருக்கும் சேதம் செய்தால்தான், என்ரை காருக்கு ஒண்டும் வராது எண்டிட்டினம். அது ஒப்பந்தத்தில உள்ளதுதான். ஃபுல் இருந்திருந்தால் என்ரை கம்பனி எனக்குத் தந்திட்டு, அவரிட்டை அவை பாத்து வாங்கியிருப்பினம். அவருக்கு ஒரு தேர்ட் பார்ட்டியாவது இருந்திருந்தால் அம்மாவின்ரை கழுத்துக்காவது கேட்டிருக்கலாம். ரெண்டும் இல்லை. எல்லாம் என்ரை கையால.

பொங்கல் முடிஞ்சுது. இண்டைக்குக் காலமை போனன். இந்த முறை ஒளிக்கேல்ல, இருக்கச் சொன்னார். மேசை லாச்சியைத் திறந்து அந்தத் துண்டை எடுத்து முன்னுக்கு வைச்சார். "வாசியும்." கடைசி வரி: "இவ்விபத்து சம்பந்தமாக இனிமேல் எமக்குள் எவ்விதக் கொடுக்கல் வாங்கலும் இல்லை." கீழ என்ரை கையெழுத்து. பக்கத்தில சாட்சியெண்டு மகன்ரை கையெழுத்து, அவர் அண்டைக்கு அந்த இடத்துக்கே வரேல்ல. "15,000 ரூபாய்க்கு முடிச்சதுதானே தம்பி, பிறகேன் வந்து வந்து நிக்கிறீர், வியாபாரம் நடக்கிற இடம்." சாமான் வாங்க வந்த சனம் எல்லாம் என்னைக் கடன் கேட்டு வந்தவனைப் பாக்கிற மாதிரிப் பாக்குது. 285,000 ரூபாயைக் குடுத்திட்டு நான் தலை குனிஞ்சு வாறன்.

அங்கயிருந்து நேர பொலிஸுக்குப் போனன். முறைப்பாடு எடுத்தவை, எடுக்கேல்ல எண்டு சொல்ல ஏலாது. ஆனால் முதல் கேள்வி, "ஏன் அண்டைக்கே வரேல்ல?" என்னட்டைப் பதில் இல்லை. இடிச்ச இடத்தில வாகனங்கள் நிண்டபடி ஒரு படம்கூட எடுக்கேல்ல. இருக்கிறது கராஜில எடுத்த படம், அதில பட்டாவே இல்லை. காப்புறுதி இல்லாமல் ஓடினதுக்குச் சட்டப்படி 25,000 ரூபாய்க்குக் குறையாத தண்டம் இருக்கு, ஆனால் அது கோட்டுக்குப் போற காசு, எனக்கு வராது. மத்தியஸ்த சபைக்குப் போகச் சொல்லிச் சொன்னவை. தெரிஞ்ச சட்டத்தரணி ஒருத்தர் போனில சொன்னார், நட்டஈட்டு வழக்குக்கு ரெண்டு வருசம்தான் காலம், அதுக்குள்ள போடவேணும், துண்டைப் பாத்துப் பயப்பட வேண்டாம், ஆனால் சாட்சி வேணும் எண்டு.

வடிவா, ஒவ்வொண்டா எழுதவேணும் எண்டுதான் இருந்தன், இப்ப மனம் ஓடுதில்லை. இடிச்சால் வாகனத்தை அரக்க முதல் படம் எடுங்கோ. நம்பர், கண்ணாடியில உள்ள துண்டு, ஓடினவற்றை லைசன்ஸ், எல்லாம் படத்தில வரவேணும். துண்டில திகதியை வாசியுங்கோ. காயம் இருந்தால் 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கோ, அதுவும் ஒரு பதிவுதான். சின்ன இடியெண்டாலும் பொலிஸில என்ட்ரி போடுங்கோ. சோடா வாங்கித் தந்தால் குடியுங்கோ, கையெழுத்து மட்டும் வைக்காதேங்கோ. ஆணை, சத்தியம் ஒண்டும் கோட்டில செல்லாது.

கடைசியா ஒரு உதவி. அண்டைக்கு முன்னுக்கு நிண்ட உழவு இயந்திரத்து ஐயா இறங்கி வந்து அம்மாவுக்குத் தண்ணி தந்தவர். சிவப்பு மெசி, நீலப் பெட்டி, பெட்டியின்ரை பின் பலகையில வெள்ளைப் பெயின்ரால வேல் கீறியிருந்தது. விசுவமடுப் பக்கம் திரும்பினவர். நான் முழுக்க நிண்டனான் எண்டதை அவர் ஒருத்தர்தான் கண்டவர். ஆரும் அவரைத் தெரிஞ்சால் என்னட்டை ஒருக்காச் சொல்லுங்கோ.