ஆர்வி வண்டிக்கு வழிகாட்டி: கார்மினா, கூகுள் மேப்ஸா?

அமெரிக்காவில் ஆர்வி, அதாவது படுக்கை, சமையலறை எல்லாம் உள்ள பயண வண்டி, ஓட்டுகிறவர்களுக்கு உயரம்தான் பெரிய தலைவலி. வட கரோலினா மாநிலம் டர்ஹாமில் 11 அடி 8 அங்குல உயரத்தில் இருந்த ரயில் பாலம் ஒன்று எத்தனையோ வண்டிகளின் கூரையை உரித்திருக்கிறது. 2019-ல் 8 அங்குலம் உயர்த்திய பிறகும் வந்து இடிக்கிறார்கள்! கூகுள் மேப்ஸில் வண்டியின் உயரத்தைச் சொல்ல வழியில்லை, காருக்கான பாதையைத்தான் காட்டும். கார்மின் நிறுவனம் ஆர்விக்கென விற்கும் ஜிபிஎஸ் கருவியில் உயரம், நீளம், எடை எல்லாம் பதிந்தால் அதற்கேற்ற பாதை தரும். வரைபடம் உள்ளேயே இருப்பதால் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா போல சிக்னல் சரியாகக் கிடைக்காத இடத்திலும் கவலையில்லை. விலைதான் பல நூறு டாலர்.

நெரிசல் பார்க்க, சாப்பாட்டுக் கடை தேட போன்தான் சுகம். சின்ன கேம்பர் வேன் என்றால் ஆஃப்லைன் வரைபடத்தை இறக்கிக்கொண்டு அதிலேயே சமாளிக்கலாம். பெரிய வண்டியா, சரி, கார்மினை வாங்கிவிடுங்கள். அதில் உயரம் பதியும்போது கூரை ஏசியையும் சேர்த்து அளந்து போடுங்கள்.